ஒச்சம்மாளின் வரிசை

விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. திண்டுக்கல் பக்கத்து ஆத்தூரைச் சுற்றியிருந்த மல்லிகைத் தோட்டங்களில் முப்பத்தொரு பெண்கள் குனிந்து நின்றார்கள். நெற்றியில் கட்டிய விளக்கு, இடுப்பில் மடித்துணி, காதில் செல்போன் ஒயர். மொட்டு விரிவதற்குள் கிள்ளியாக வேண்டும். விரிந்த பூவை மார்க்கெட்டில் ஏறெடுத்துப் பார்க்க ஆள் கிடையாது. அதனால் இரண்டு கையும் செடியில். பனி நனைத்த இலைகள் உரசி முழங்கை வரை ஈரம் ஏறும். விரல் நுனி வெளுத்துச் சுருங்கும். ஒரு வரிசை முடியும்வரை முதுகை நிமிர்த்த முடியாது.

மொட்டு கிள்ளும் சத்தம், மூச்சு வாங்கும் சத்தம், தூரத்தில் மோட்டார் ஓடும் சத்தம் எல்லாம் திண்டுக்கல் ரவுண்டு ரோட்டில் இருந்த ஜோஸ்பினுக்குக் கேட்டன. டயர்க் கடைக்கு மேல்மாடி. ஒட்டுப்பலகையால் தடுத்த ஒரு கூண்டு. கூண்டுக்கு ‘ஸ்டுடியோ’ என்று பெயர் வைத்திருந்தார்கள். மின்விசிறியின் சத்தம் பதிவாகிறது என்று அதைக் கழற்றிவிட்டார்கள். மரியநாதபுரத்திலிருந்து நாலு மணிக்கே ஸ்கூட்டரில் கிளம்பி வந்து, அந்தப் புழுக்கத்தில் உட்கார்ந்து, அவள் கணக்குப் பாடம் நடத்தினாள்.

உச்சி அகாடமி என்பது நிறுவனத்தின் பெயர். படிப்பைப் பாதியில் விட்ட பெரியவர்களுக்குச் செல்போன் வழியாகப் பாடம் சொல்லிக்கொடுத்து, தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுத வைக்கும் தொழில். வகுப்பு ஆடியில் தொடங்கியது. பங்குனி முடிந்ததும் தேர்வு. பத்தாவது தேறினால் சத்துணவுக் கூடத்திலோ ஆஸ்பத்திரியிலோ குனியாத வேலை ஒன்று கிடைக்கும் என்பதுதான் அந்தப் பெண்களின் ஒரே எண்ணம். குனிந்து குனிந்து இருபது வருஷம் ஓட்டியவர்களுக்கு அது சின்ன ஆசை இல்லை.

நிறுவனம் கொடுத்த திரையில் பென்சில்கள் துள்ளிக் குதிக்கும், எண்கள் பல்லைக் காட்டும். கை செடியில் இருக்கிறவர்கள் யார் அதைப் பார்ப்பது? முதல் வாரத்திலேயே ஜோஸ்பின் அந்தக் கூத்தைத் தூக்கிப் போட்டுவிட்டாள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்பாள். எந்த வரிசை என்று அவர்கள் சொல்ல வேண்டும். வெறுமே ‘உள்ளேன்’ என்றால் தூக்கத்திலும் சொல்லிவிடலாம். வரிசை சொன்னால் யார் எங்கே வந்திருக்கிறாள், யார் களைத்துப்போயிருக்கிறாள் என்று குரலிலேயே தெரிந்துவிடும். அதை வைத்துத்தான் பாடத்தை முடுக்குவாள், நிறுத்துவாள்.

அது ஆவணி மாதம்.

“ஒச்சம்மாக்கா, எங்க நிக்கிறீங்க?”

“நாலாவது வரிசை, டீச்சர். நடுவுல நிக்கிறேன். நீங்க காபி குடிச்சாச்சா, இல்ல வெறும் வயித்தோடதான் எங்கள வதைக்க வந்தீகளா?”

ஐம்பத்திரண்டு வயது ஒச்சம்மாள் தினமும் இப்படி ஏதாவது ஒன்று சொல்வாள். ஜோஸ்பின் தினமும் சிரிப்பாள். பிறகு பாடம் ஓடும். ஒரு வரிசையில் நாற்பது செடி, பறிக்க இரண்டு பேர். ஒருத்தி மூன்று செடி முடிக்கிற நேரத்தில் இன்னொருத்தி ஐந்து முடிக்கிறாள். வரிசை முடியும்போது ஆளுக்கு எத்தனை செடி என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பாள். காதுக்குள் விரல்களின் சத்தம் மட்டும் கேட்கும். பதினைந்து, இருபத்தைந்து என்று பானுப்ரியாதான் முதலில் சொல்வாள். அவள் ஒச்சம்மாளின் மகள், பக்கத்து வரிசைக்காரி. அந்தப் பதினைந்து தன்னுடையதுதான், மகள் கைக்கு யாரும் ஈடு கிடையாது என்று ஒச்சம்மாள் பெருமை பேசுவாள்.

ஐப்பசியில் ஒருநாள் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது முள் குத்திவிட்டது என்றாள் ஒச்சம்மாள். பாடத்தை நிறுத்த வேண்டாம் என்றும் சொன்னாள். பத்து நிமிஷம் கழித்து ஜோஸ்பின் அவளிடம் ஒரு கேள்வி கேட்டாள். வந்த பதிலில் நாக்கு குழறியது. ஜோஸ்பின் பாடத்தை அங்கேயே விட்டுவிட்டுப் பக்கத்து வரிசைப் பெண்களைக் கத்தி அழைத்தாள். அவர்கள் ஓடிப்போய்ப் பார்த்தால் கால் வீங்கியிருந்தது. விரியன் கடி. மடித்துணியிலேயே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் உயிர் இருந்தது. மூன்றாம் நாள் போய்விட்டது.

உச்சி அகாடமியின் முதலாளி மோகன்குமார் மறுநாள் ஜோஸ்பினைக் கூப்பிட்டுக் கேட்டது ஒன்றுதான். வகுப்பு ஏன் இருபத்திரண்டு நிமிஷத்தில் நின்றிருக்கிறது? அவள் நடந்ததைச் சொன்னாள். ஐயோ பாவமுங்க என்றார். அந்த மூச்சு முடிவதற்குள், விட்டுப்போன பாடத்தை என்றைக்கு நடத்துவீர்கள் என்று கேட்டார்.

மோகன்குமாரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஒட்டன்சத்திரத்துக்காரர், இப்போது வீடு திண்டுக்கல்லில். வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போட்டுப் பேசுவார். அதைக் கேட்டு இவரை நல்ல மனுஷன் என்று நம்பி ஏமாந்தவர்கள் ஊரில் நிறைய. வாழ்நாளில் சாக்பீஸைக் கையால் தொட்டதில்லை. ஆனால் கல்வியைப் பற்றி மேடை போட்டு ஒன்றரை மணி நேரம் பேசுவார். அவர் வாயில் மாணவர் ‘யூசர்’ ஆகிவிடுவார், ஆசிரியர் ‘ரிசோர்ஸ்’ ஆகிவிடுவார், பாடம் ‘கன்டென்ட்’ ஆகிவிடும். மனிதர்களை மனிதர்கள் என்று சொல்ல நா கூசுகிற ஒரு பிறவி.

தை மாதத்தில் அவர் ஜோஸ்பினைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். மாசியில் நேரடி வகுப்புகள் நிற்கும். ஏற்கெனவே பதிவான வகுப்புகளே ஓடும். ஆசிரியர் மூவரில் ஒருவரை மட்டும் ‘வழிகாட்டி’ என்ற பெயரில் வைத்துக்கொள்வார்கள். எழுத்தில் வரும் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் போடுவது வேலை. அந்த ஓர் இடம் அவளுக்குத்தான், மற்ற இரண்டு பேருக்கும் தெரிய வேண்டாம் என்றார். அவள் குரல், முகம், பாடம் மூன்றும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று காகிதத்தின் அடியில் இருந்தது.

கொரோனாவில் தனியார் பள்ளி வெளியே தள்ளிய ஆசிரியர்களில் முதல் ஆள் ஜோஸ்பின். இரண்டு மகள்களும் கல்லூரியில். நாற்பத்து நாலு வயதில் மறுபடியும் வாசல் வாசலாக ஏற அவளுக்குத் தெம்பில்லை. கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்து, கூட வேலை பார்க்கும் பிரான்சிஸிடமும் கௌசல்யாவிடமும் ஒன்றுமே நடக்காதது போல டீயை ஊற்றிக் கொடுத்தாள். அன்று முதல் அவளுக்குத் தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கவே பிடிக்கவில்லை.

மாசி இரண்டாவது திங்கட்கிழமை. காலை ஐந்து மணிக்கு அவள் மைக் இல்லாத மேசையில் உட்கார வைக்கப்பட்டாள். திரையின் மூலையில் சிவப்புப் புள்ளி எரிந்தது. பக்கத்தில் ‘லைவ்’ என்று எழுதியிருந்தது. ஓடியது ஆவணி மாதத்து வகுப்பு. அவளுடைய குரலே அவளுக்கு எதிரே பேசியது. பெயர் கூப்பிடத் தொடங்கியது.

“புஷ்பமேரி, எங்க நிக்கிறீங்க?” ஓர் இமைப்பொழுது இடைவெளி. “சரி. பானு, நீ?” மறுபடியும் ஓர் இமைப்பொழுது. பெண்கள் சொன்ன பதில்கள் எதுவும் அதில் இல்லை. கோயமுத்தூரில் யாரோ உட்கார்ந்து அவற்றையெல்லாம் ஒன்றுவிடாமல் வெட்டி எடுத்திருந்தார்கள். தோட்டத்துப் பெண்களின் மைக்குகளை நிறுவனம் அடைத்துவிட்டது அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் வழக்கம்போல வரிசை சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்பது ஜோஸ்பினுக்கு அப்போதுதான் உறைத்தது. அடுத்து வரப்போகும் பெயரும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நிறுத்துவதற்கு அவள் கையில் ஒரு பொத்தானும் இல்லை.

“ஒச்சம்மாக்கா, எங்க நிக்கிறீங்க?”

ஓர் இமைப்பொழுது. பிறகு திரைக்குள் இருந்த ஜோஸ்பின் வாய்விட்டுச் சிரித்தாள்.

செடியில் கை இருக்கும்போது அந்தப் பெண்களில் ஒருத்தியும் செல்போனைத் தொட மாட்டாள். அன்று தொட்டார்கள். டீச்சர், டீச்சர் என்று எழுத்துகள் வந்து விழுந்தன. யாரைக் கூப்பிட்டீங்க? ஏன் சிரிச்சீங்க? முப்பது பேரின் கையும் ஒரே நேரத்தில் நின்றுபோயிருந்தது. ஜோஸ்பினுடைய சொந்தச் செல்போன் அடித்தது. புஷ்பமேரி. ஆட்களைச் சேர்த்து வகுப்புக்கு முதலில் அழைத்து வந்தவள் அவள்தான்.

“டீச்சர், பானு செடிக்குள்ளயே உக்காந்துட்டா. எந்திரிக்க மாட்டேங்குறா. இது நீங்கதானா, இல்ல வேற என்னமுமா?”

“நான்தான் புஷ்பம். ஆனா ஆவணியில பேசுன நான்.”

எல்லாவற்றையும் சொன்னாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததையும் மறைக்கவில்லை.

“அப்ப இன்னிக்கி நாங்க சொன்னது ஒருத்தருக்கும் கேக்கலையா?”

“கேக்கல.”

“பாம்பு கடிச்சுருச்சுன்னு கத்துனாலும் கேக்காதா?”

“கேக்காது, புஷ்பம்.”

புஷ்பமேரி திட்டவில்லை. திட்டியிருந்தால் ஜோஸ்பினுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பானுவைத் தூக்கி வரப்பில் உட்கார வைக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

எட்டு மணிக்கு பிரான்சிஸும் கௌசல்யாவும் வந்தார்கள். அவர் அறிவியல், அவள் ஆங்கிலம். மாடிப்படியிலேயே இருவரையும் நிறுத்தி, தான் செய்ததை ஜோஸ்பின் சொன்னாள். சொல்லும்போது அழுதுவிட்டாள். கௌசல்யா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தன் கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தாள். அதே காகிதம். அதே கையெழுத்து இடம். அதில் அவளுடைய பெயர். பிரான்சிஸ் தலையைக் குனிந்துகொண்டு, தன்னுடையது வீட்டில் பைபிளுக்குள் இருக்கிறது என்றார்.

மூன்று பேருக்கும் அதே ஓர் இடம். மூன்று பேரும் மற்ற இருவரைக் காட்டிக்கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, ஒரு மாதமாக ஒரே ஃபிளாஸ்க்கிலிருந்து டீ குடித்திருக்கிறார்கள். படித்தவர்களின் லட்சணம் இது. பூப்பறிக்கிற பெண்களிடம் இப்படி ஒருத்தியைத் தனியே கூப்பிட்டுப் பேசியிருந்தால், அன்றைக்கு வரிசை முடிவதற்குள் அது முப்பது காதுக்கும் போயிருக்கும்.

முதலில் பிரான்சிஸ்தான் சிரித்தார். கசந்துபோன சிரிப்பு. பிறகு மூவரும் சேர்ந்து உள்ளே போனார்கள்.

மோகன்குமார் எழுந்து நின்று நாற்காலி காட்டினார். அவர்கள் உட்காரவில்லை.

“தப்புதானுங்க, ஒத்துக்கறேன்,” என்றார் அவர். “அந்த ஒரு பேரை வெட்டிடச் சொல்லிட்டனுங்க. அஞ்சு நிமிஷ வேலை. நாளைக்குச் சுத்தமா ஓடிருமுங்க.”

“பேரு கூப்பிட்டது இருக்கு. அவங்க சொன்ன பதில் எங்க சார்?” என்று கேட்டார் பிரான்சிஸ்.

“அதெல்லாம் நாய்ஸுங்க. இருமல், மோட்டாரு, குருவிச் சத்தம். யூசருக்கு டீச்சரோட குரல் போதுமுங்களே.”

ஜோஸ்பின் ஓர் அடி முன்னால் வந்தாள். “பாதி வகுப்பு அவங்கதான் சார். அவங்க சொல்றத வச்சுத்தான் அடுத்து என்ன சொல்லணும்னு எனக்கே தெரியும். ஒச்சம்மாவுக்கு நாக்கு குழறுனது உங்க வீடியோவுக்குக் கேக்குமா?”

“மேடம், சின்னப் பசங்களுக்குன்னா டீச்சரு வேணுமுங்க. இவங்கெல்லாம் வயசானவங்க. வீடியோவைப் போட்டு விட்டா அவங்களே பாத்துக்குவாங்க. பூப்பறிக்கிறவளுக்கு இது போதாதுங்களா?”

அதுவரை எல்லாச் சொல்லிலும் ஒட்டிக்கொண்டிருந்த மரியாதை அந்த ஒரு சொல்லில் கழன்று விழுந்தது. எதிரே நின்றவர்களுக்கு ‘ங்களா’, தோட்டத்தில் நிற்கிறவளுக்கு ‘அவள்’. மனுஷனின் யோக்கியதை தெரிய இதற்கு மேல் என்ன வேண்டும்?

தேர்வு முடியும்வரை நேரடி வகுப்பு நடக்க வேண்டும், மைக்குகளைத் திறந்துவிட வேண்டும், மூன்று காகிதங்களையும் ரத்து செய்ய வேண்டும் என்றாள் கௌசல்யா. கையெழுத்து உங்களுடையது என்றார் அவர். குரலை வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், அந்த வழிகாட்டி நாற்காலியில் மூன்று பேரில் ஒருவரும் உட்கார மாட்டோம் என்றாள் ஜோஸ்பின். வெளியே நூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அன்று மாலைக்குள் மூவரின் ஆன்லைன் கணக்கும் முடக்கப்பட்டு, அவர்களால் உள்ளே நுழைய முடியாமல் போனது.

மறுநாள் விடியற்காலை சிவப்புப் புள்ளி எரிந்தது. ஒச்சம்மாளின் பெயரைச் சுத்தமாக வெட்டியெடுத்த வகுப்பு ஓடியது. அதைப் பார்க்க ஒருத்தியும் வரவில்லை. பூஜ்யம் பேருக்குப் பாடம் நடத்திய பெருமை உச்சி அகாடமியைச் சேர்ந்தது.

அதே நேரத்தில் ஜோஸ்பின் தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து செல்போனில் ஐந்து பெண்களை ஒன்றாக இணைத்தாள். பிரான்சிஸ் தன் வீட்டில் ஐந்து பேர், கௌசல்யா தன் வீட்டில் ஐந்து பேர். அரை மணி கழித்து அடுத்த ஐந்து ஐந்து பேர். முப்பதும் சரியாக வந்தது. பானு முதல் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு கணக்குக்கு விடை சொன்னாள். ஜோஸ்பின் அடுத்த கணக்கையும் அவளிடமே கேட்டாள்.

ஆனால் இப்படியே ஓட்ட முடியாது. தேர்வுக்கு அனுப்ப வேண்டிய அவர்களுடைய விண்ணப்பங்கள் எல்லாம் மோகன்குமாரின் அலமாரியில் இருந்தன. ஆன்லைனுக்கு வராதவர்களின் விண்ணப்பம் போகாது என்று அவர் செய்தி அனுப்பியிருந்தார். அதைப் படித்துவிட்டு யாராவது பயந்து பின்வாங்குவார்கள் என்று ஜோஸ்பின் எதிர்பார்த்தாள். புஷ்பமேரி கூப்பிட்டாள்.

“நாங்க வாரோம் டீச்சர். வெள்ளிக்கெழம, வகுப்பு நேரத்துக்கே வாரோம்.”

“பூவு?”

“ஒரு நா விரிஞ்சா விரியட்டும்.”

அந்தச் சொல்லின் கனம் என்னவென்று ஜோஸ்பினுக்குத் தெரியும். தோட்டக்காரன் சும்மா விட மாட்டான். அடுத்த வாரம் வேலைக்கே கூப்பிடாமல் போகலாம். அவள் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். ஒருமுறை தனியாக முடிவெடுத்த லட்சணம் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் இருபத்தாறு பேர் வந்து இறங்கினார்கள். நாலு பேரால் வர முடியவில்லை. அவர்கள் போனில் இருந்தார்கள். மடித்துணியைக் கட்டிக்கொண்டே வந்திருந்தார்கள், சிலர் நெற்றி விளக்கைக் கழற்றவும் இல்லை. பூட்டிய அலுவலகத்தின் மாடிப்படி முழுக்க ஏறி நின்றார்கள். இடமில்லாதவர்கள் டயர்க் கடை வாசலில் நின்றார்கள். கௌசல்யா மூன்று கோரிக்கைகளோடு, விண்ணப்பங்களை அனுப்ப வேண்டும் என்பதையும் சேர்த்துப் பெரிய எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டினாள். காவல்காரர் கண்ணுசாமி முதலாளிக்குப் போன் போட்டுவிட்டு, தானே போய்க் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

இருபது நிமிஷத்தில் கார் வந்தது. மோகன்குமார் தூங்கும்போது போடுகிற கால்சட்டையோடு இறங்கினார். தலை சீவாமல் பார்க்க, மேடையில் பேசுகிற ஆளின் தம்பி மாதிரி இருந்தார். என்னங்க இது, காலங்காத்தால, எதுன்னாலும் ஒருத்தரா உள்ளே வந்து பேசலாமுங்களே என்றார். ஒருத்தராக யாரும் நகரவில்லை. அவர் படியேற வேண்டுமானால் அவர்களைக் கடந்துதான் போக வேண்டும். கீழேயே நின்றார்.

மணி ஐந்து. ஜோஸ்பின் படிகளின் நடுவில் நின்று நோட்டைத் திறந்தாள்.

“புஷ்பமேரி, எங்க நிக்கிறீங்க?”

“ரெண்டாவது படி, டீச்சர்.”

இன்னொரு பெயர். டயர்க் கடை வாசல் என்று பதில் வந்தது. அடுத்த பெயருக்குச் செல்போனிலிருந்து ஒரு குரல், ஏழாவது வரிசையில் நிற்பதாகச் சொன்னது. பிரான்சிஸ் அந்தப் போனை எல்லோருக்கும் கேட்கும்படி உயர்த்திப் பிடித்தார். அடுத்த பெயர் ஒச்சம்மாளுடையது. ஜோஸ்பின் ஒரு கணம் தயங்கிவிட்டு அதைத் தாண்டி அடுத்த பெயருக்குப் போனாள்.

“டீச்சர்,” என்றாள் பானு. “ஒரு பேர விட்டுட்டீக.”

ஜோஸ்பின் நிமிர்ந்து பார்த்தாள். பானு மேல்படியில் நின்றாள். அவள் கண்ணில் கண்ணீர் இல்லை.

“ஒச்சம்மாக்கா,” என்று கூப்பிட்டாள் ஜோஸ்பின். “எங்க நிக்கிறீங்க?”

யாரும் பதில் சொல்லவில்லை. யாரும் அவளுக்காகப் பதில் சொல்லவும் முயலவில்லை. ஒச்சம்மாள் பதில் சொல்வதற்கு எவ்வளவு நேரம் எடுப்பாளோ, காபியைப் பற்றிக் கேலி பேச எவ்வளவு நேரம் எடுப்பாளோ, அவ்வளவு நேரமும் இருபத்தாறு பெண்கள் அசையாமல் நின்றார்கள். ரோட்டில் ஒரு காய்கறி வண்டி போனது. மோகன்குமார் வாயைத் திறந்தார். புஷ்பமேரி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டார். அந்த இடைவெளியை வெட்ட அவரிடம் ஆள் இல்லை. முழுசாக நின்று கேட்டார்.

ஜோஸ்பின் பக்கத்தைத் திருப்பினாள்.

“பானு, நீ எங்க நிக்கிற?”

“கதவுக்கு முன்னாடி, டீச்சர்.”

கதவு இன்னும் பூட்டித்தான் இருந்தது. கிழக்கே வெளுத்துக்கொண்டு வந்தது. ஜோஸ்பின் நோட்டை மூடாமல், மொத்தம் எத்தனை படி, ஒரு படிக்கு எத்தனை பேர் என்று அன்றைய கணக்கைத் தொடங்கினாள். இந்த முறை எல்லோரும் ஒரே நேரத்தில் விடை சொன்னார்கள்.